எட்ரெக்ஸ் 32எக்ஸ், ஜிபிஎஸ்மேப் 67: மலையேற்றத்துக்கு எதை வாங்கலாம்?

கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்றை வாங்குவதென்று முடிவானபோது, கடைசிவரை போட்டியில் நின்றவை கார்மின் நிறுவனத்தின் எட்ரெக்ஸ் 32எக்ஸும் ஜிபிஎஸ்மேப் 67உம்தான். நான் வாங்கியது எட்ரெக்ஸ். மற்றதை நண்பரிடம் இரவல் பெற்றுச் சில நடைகளில் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். கைப்பேசி போதாதா என்று கேட்பவர்கள், மழையில் நனைந்த தொடுதிரையில் வரைபடத்தை ஒருமுறை நகர்த்திப் பார்த்தால் போதும்.

இரண்டிலும் பொத்தான்கள் உண்டு. உயரத்தைக் காற்றழுத்தத்தால் அளக்கும் வசதியும் மின்னணுத் திசைகாட்டியும் உண்டு. இரண்டுமே ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். திரையில் 67தான் மேல்: அதன் 3 அங்குலத்துக்கு முன்னால் 32எக்ஸின் 2.2 அங்குலம் கண்ணைச் சுருக்க வைக்கிறது. துல்லியத்திலும் 67 முந்துகிறது. பள்ளத்தாக்குகளில் செயற்கைக்கோள் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பித் தாமதமாக வந்து சேர்வதால் நேரும் பிழையை, அது இரண்டு அலைவரிசைகளைக் கொண்டு குறைத்துவிடுகிறது. ஆனால் ஒற்றையடிப் பாதையில் நடப்பவருக்குச் சில மீட்டர் வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது பேட்டரிதான். 67இன் லித்தியம் பேட்டரி உள்ளேயே பதிக்கப்பட்டது. நிறுவனக் கணக்குப்படி 180 மணி நேரம் உழைக்கும். 32எக்ஸோ இரண்டு ஏஏ செல்களில், அதாவது சுவர்க் கடிகாரத்தில் போடும் அதே செல்லில், 25 மணி நேரம்தான் ஓடும். காகிதத்தில் இது போட்டியே அல்ல. ஆயினும் தமிழ்நாடு வனத்துறை 2024இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் பாதைகளில் பெரும்பாலானவை ஒரே நாளில் முடிந்துவிடுகின்றன. நீண்ட நடையென்றால் பையில் இன்னொரு ஜோடி செல் போதும், தீர்ந்தாலும் அடிவாரத்துப் பெட்டிக்கடையில் கிடைக்கும். லித்தியம் பேட்டரியோ பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு திறன் குறையும்; அது தளர்ந்த பிறகு, மற்றெல்லாம் சரியாக இருந்தும், கருவியைப் பழுதுபார்க்கத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். பழைய கருவியை விற்கும்போதும் இதுவே பேசும்: வாங்குபவர் தன் கையால் புதுச் செல் போட்டு 32எக்ஸை இயக்கிப் பார்த்துவிடலாம், பதித்த பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது.

இதற்கு ஈடாக 32எக்ஸ் கொஞ்சம் பராமரிப்பைக் கேட்கிறது. மறுமுறை சார்ஜ் செய்யும் நிக்கல் செல்லின் மின்னழுத்தம் 1.2 வோல்ட், சாதாரண ஆல்கலைனுடையது 1.5, எனவே எந்த வகைச் செல் போட்டிருக்கிறோம் என்பதை அமைப்புகளில் மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் நன்றாக இருக்கும் செல்லையே பேட்டரி அளவுக் குறி தீர்ந்துபோனதாகக் காட்டும். பயணம் முடிந்ததும் பின்புறத்து வளையத்தைத் திருகி மூடியைத் திறந்து, செல்களை வெளியே எடுத்துவிடுவது அவசியம். மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும் ஆல்கலைன் செல் கசிந்து, சுருள் கம்பியில் வெள்ளையாகப் பூத்துவிடும். அப்படிப் பூத்தால் வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்ட பிறகே புதுச் செல்லைப் போட வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவர்கள் 67ஐ வாங்குவதே மேல்.

இமயமலைக்கு என் கருவியை நான் கொண்டுசென்றதில்லை என்பதால் எட்ரெக்ஸே மேல் என்ற என் முடிவு அங்கு எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். கடுங்குளிரில் ஆல்கலைன் சட்டென்று சோர்ந்துவிடும். மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும் லித்தியம் ஏஏ செல்கள் உண்டு, ஆனால் விலை அதிகம். வாரக்கணக்கில் மின்சாரமே இல்லாத பயணத்துக்கு 180 மணி நேரம் என்பது வலுவான வாதம்தான். 67ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் பெட்டியின் மேல் ‘67i’ என்று இல்லை என்பதைப் பார்த்து வாங்க வேண்டும்: கடைசியில் ஆங்கில ‘i’ எழுத்துள்ள அந்த மாடல் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பக்கூடியது, அத்தகைய கருவியை உரிய அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம்.