எல்டிஎஸ் லினக்ஸில் பழைய பதிப்பு: பேக்போர்ட்ஸா, பிபிஏவா, பிளாட்பேக்கா, கண்டெய்னரா?

எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பான உபுண்டு 22.04 வெளியானது 2022 ஏப்ரல் 21. அதோடு வந்த நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் சூழல்) 12-க்கு அதன் உருவாக்குநர்கள் ஆதரவை முடித்துக்கொண்டது ஏப்ரல் 30. ஐந்தாண்டு ஆதரவு என்று வந்த இயங்குதளத்தில் ஒன்பதே நாளில் காலாவதியான தொகுப்பு! புதிய பதிப்பைக் கொண்டுவர அரை டஜன் வழிகள் இருக்கின்றன. எது புதிது என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் பிறகு அவதிப்படுகிறார்கள். அடுத்த பாதுகாப்புப் பேட்சை யார் தருவார்கள், அது தானாக வந்து சேருமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்படியே விட்டுவிடுவது

இதுவும் ஒரு தேர்வுதான், பல நேரங்களில் சரியான தேர்வும்கூட. 2024 ஜூலையில் வெளிவந்த ஓபன்எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியோடு இணையும் நிரல்) ஓட்டையை (சிவிஇ-2024-6387; சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது எண்) எடுத்துக்கொள்ளுங்கள். உருவாக்குநர்கள் அதை 9.8-இல் அடைத்தார்கள். டெபியன் 12 அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துத் தன் 9.2-இல் சேர்த்தது. பதிப்பு எண்ணின் வால்தான் மாறியது: 9.2பி1-2+டெப்12யூ3. முன்பகுதியை மட்டும் படிக்கும் பாதுகாப்பு ஸ்கேனர்கள் இன்றும் அதைச் சிவப்பில் காட்டும். அதைவிடப் பழைய டெபியன் 11-இன் 8.4-க்குப் பாதிப்பே இல்லை. அந்தப் பிழை நுழைந்ததே 8.5-இல்தான். அதே ஆண்டு எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியில் ஒளித்துவைக்கப்பட்ட பின்கதவும் 5.6.0, 5.6.1 என்ற புத்தம்புதிய பதிப்புகளில்தான் இருந்தது. எல்டிஎஸ்காரர்கள் தப்பித்தார்கள்.

ஸ்கேனர் சொல்வதை நம்புவதற்கு முன் «ஆப்ட் சேஞ்ச்லாக்» கட்டளையில் தொகுப்பின் பெயரைக் கொடுத்து, சிவிஇ எண்ணைத் தேடுங்கள்.

உபுண்டுவில் ஒரு சிக்கல் உண்டு. ஐந்தாண்டு உத்தரவாதம் «மெயின்» பிரிவுக்குத்தான். மேலே சொன்ன நோட்.ஜேஎஸ் இருந்தது «யுனிவர்ஸ்» பிரிவில். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் உபுண்டு ப்ரோ வழியாக வருகின்றன. தனிநபர்களுக்கு ஐந்து கணினிகள்வரை இலவசம். உங்கள் தொகுப்பு எந்தப் பிரிவு என்பதை «ஆப்ட் பாலிசி» காட்டிவிடும்.

பேக்போர்ட்ஸ்

டெபியனில் முதலில் தேட வேண்டிய இடம் இது. டெஸ்டிங் (அடுத்த பதிப்பு உருவாகும்) கிளையிலிருந்து எடுத்து, ஸ்டேபிளின் (வெளியான நிலையான பதிப்பின்) லைப்ரரிகளோடு மறுபடி தொகுக்கப்பட்டவை. இதன் முன்னுரிமை எண் 100, வழக்கமான களஞ்சியத்துக்கு 500. ஆகவே நீங்கள் கேட்காமல் எதுவும் உள்ளே வராது. «ஆப்ட் இன்ஸ்டால் -டி புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ்» (புக்வோர்ம் என்பது டெபியன் 12) என்று ஒருமுறை நிறுவினால், அந்தத் தொகுப்புக்கு மட்டும் அடுத்தடுத்த பதிப்புகளும் அங்கிருந்தே வரும். குறை என்னவென்றால், டெபியனின் பாதுகாப்புக் குழு இதற்குப் பொறுப்பல்ல, பராமரிப்பவர்தான் பார்க்க வேண்டும். பட்டியலும் சிறியது.

அதில் இல்லையே என்று டெஸ்டிங் களஞ்சியத்தையே ஸ்டேபிளில் சேர்ப்பவர்கள் உண்டு. ஒரு சின்ன நிரலைக் கேட்டால் அது எல்லாவற்றுக்கும் அடிப்படையான சி லைப்ரரி ஜிலிப்சியையும் இழுத்துக்கொண்டு வரும். அதன்பின் பழைய நிலைக்குத் திரும்ப ஒழுங்கான வழி கிடையாது. டெபியன்காரர்கள் இதற்கு «பிராங்கன்டெபியன்» என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிபிஏவும் உருவாக்குநரின் களஞ்சியமும்

இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் நம்பகத்தில் நிறைய வேறுபாடு. உபுண்டுவின் லாஞ்ச்பேட் தளத்தில் யார் வேண்டுமானாலும் பிபிஏ (தனிநபர் தொகுப்புக் களஞ்சியம்) திறக்கலாம். அதிலுள்ள நிறுவல் ஸ்கிரிப்டுகள் உங்கள் கணினியில் ரூட் அதிகாரத்தோடு ஓடும். இயங்குதளத்தைப் பதிப்பு உயர்த்தும்போது பிபிஏக்கள் முடக்கப்படும், அவற்றிலிருந்து வந்த தொகுப்புகள் மட்டும் அநாதையாகத் தங்கிவிடும். ஆகவே அதற்கு முன்பே «பிபிஏ-பர்ஜ்» ஓட்டிவிடுவது நல்லது.

பைத்தானுக்கு டெட்ஸ்நேக்ஸ் பிபிஏ பரவாயில்லை. புதிய பதிப்பு பழையதன் பக்கத்திலேயே தனியாக உட்காரும். வினை வருவது, சிஸ்டத்தின் «பைத்தான்3» இணைப்பையே புதியதை நோக்கித் திருப்பும்போதுதான். உபுண்டு 22.04-இல் அப்படிச் செய்தால் «ஆப்ட்_பிகேஜி என்ற மாட்யூல் இல்லை» என்ற பிழை வரும், க்னோம் டெர்மினல்கூடத் திறக்காது. அவையெல்லாம் 3.10-க்காகத் தொகுக்கப்பட்டவை. இணைப்பில் கை வைக்காமல், புதிய பைத்தானை அதன் முழுப்பெயரால் அழைத்து ஒரு «வென்வ்» (தனித்த பைத்தான் சூழல்) உருவாக்கிக்கொள்ளுங்கள். அதற்கான வென்வ் தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டும்.

சர்வரில் ஓடும் டேட்டாபேஸ் என்றால் தயங்காமல் உருவாக்குநரின் களஞ்சியம். போஸ்ட்கிரெஸ் இதற்கு நல்ல உதாரணம். 22.04-இல் இருப்பது 14. அவர்களுடைய களஞ்சியத்திலிருந்து 17-ஐ அதன் பக்கத்திலேயே நிறுவலாம். இங்கே மூன்று பொறிகள்:

- புதியது 5433 போர்ட்டில் எழும். உங்கள் செயலி 5432-இல் பழையதோடுதான் பேசிக்கொண்டிருக்கும். «பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்» போட்டால் உண்மை தெரியும். தரவை மாற்றும் «பிஜி_அப்கிரேட்கிளஸ்டர்» கட்டளைக்கு முன், தானாக உருவான காலியான «17 மெயின்» கிளஸ்டரை (டேட்டாபேஸ் தொகுதியை) நீக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே இருக்கிறது என்று நின்றுவிடும். நீக்குவது 17-ஐத்தானா என்று இரண்டுமுறை பாருங்கள்.
- «போஸ்ட்கிரெஸ்க்யூஎல்» என்று பொதுப்பெயரில் நிறுவினால் அடுத்த பெரிய பதிப்பு வந்ததும் அதையும் இழுக்கும். எண்ணோடு நிறுவுங்கள்.
- தானாகப் புதுப்பிக்கும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் வெளிக் களஞ்சியங்களை இயல்பாகத் தொடாது. அந்தக் களஞ்சியத்தின் ஆரிஜின் பெயரை அதன் அமைப்புக் கோப்பில் சேர்க்காவிட்டால், ஆசையாகப் போட்ட புதிய பதிப்பு பேட்ச் இல்லாமல் கிடக்கும். அப்போது பழைய 14-ஏ பாதுகாப்பாக இருந்திருக்கும்.

ரெட்ஹாட் 9 வகையறாவில் இந்த வேலையை மாட்யூல்கள் செய்கின்றன: நோட் 18, 20, 22 என்று ஸ்ட்ரீம் (பதிப்பு வரிசை) மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பத்தாண்டு ஆதரவு என்பது ஸ்ட்ரீம்களுக்குப் பொருந்தாது, ஒவ்வொன்றுக்கும் தனி முடிவுத் தேதி.

பிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ்

செயலியை அதற்கு வேண்டிய லைப்ரரிகளோடு தனியாகக் கட்டித்தரும் வடிவங்கள் இவை. திரையில் ஓடும் செயலிகளுக்குப் பிளாட்பேக்தான் என் தேர்வு. டெபியன் 12-இல் கிம்ப் 2.10, பிளாட்ஹப்பிலிருந்து எடுத்தால் 3-ஐ அதே கணினியில், ஒரு லைப்ரரியையும் தொடாமல் ஓட்டலாம். முதல் செயலி சில நூறு எம்பி ரன்டைமை இறக்கும், அடுத்தவை அதைப் பகிர்ந்துகொள்ளும். வேறு டிஸ்கிலுள்ள கோப்பு தெரியவில்லை என்றால் அது பிழையல்ல, அனுமதி இல்லை; «பிளாட்பேக் ஓவர்ரைடு» கட்டளையில் அந்தப் பாதையைச் சேர்க்கவும்.

ஸ்னாப் கட்டளைவரி நிரல்களுக்கும் ஒத்துவரும். ஆனால் தன்னிச்சையாகப் புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாமென்றால் «ஸ்னாப் ரெஃப்ரெஷ் --ஹோல்டு».

ஆப்இமேஜை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை தாமாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. பலவும் லிப்ஃப்யூஸ்2-ஐக் கேட்கும், உபுண்டு 24.04-இல் அதன் பெயர் லிப்ஃப்யூஸ்2டி64. «ஜிலிப்சி_2.38 காணவில்லை» என்று வந்தால், அந்தக் கோப்பு உங்களுடையதைவிடப் புதிய இயங்குதளத்தில் தொகுக்கப்பட்டது என்று பொருள். 22.04-இல் இருப்பது 2.35. ஜிலிப்சியை மட்டும் மாற்றிப் பார்க்கலாமே என்று இறங்காதீர்கள். «எல்எஸ்» முதல் «சூடோ» வரை அதை நம்பித்தான் இருக்கின்றன.

கண்டெய்னர்

கம்பைலர், மொழிக் கருவிகள் என்று நிரலாளருக்கு வேண்டியவற்றுக்கு கண்டெய்னருக்குள் வேறொரு லினக்ஸை ஓட்டும் டிஸ்ட்ரோபாக்ஸ், பாட்மேன் இணையைவிட வசதியானது இல்லை. உள்ளே ஃபெடோரா, வெளியே டெபியன். ஹோம் கோப்புறை இரண்டுக்கும் பொது என்பதை மறந்துவிடக் கூடாது: உள்ளே ஓடிய புதிய பதிப்பு அமைப்புக் கோப்புகளைத் தன் வடிவத்துக்கு மாற்றிவிட்டால், வெளியே இருக்கும் பழையது அதைத் திறக்க மறுக்கலாம். உருவாக்கும்போதே «--ஹோம்» கொடுத்துத் தனிக் கோப்புறை வைத்துவிடுங்கள்.

கெர்னல் மட்டும் கண்டெய்னருக்குள் புதிதாகாது. புதிய வைஃபை அட்டை வேலை செய்யவில்லை என்றால் உபுண்டுவில் எச்டபிள்யூஇ (புதிய வன்பொருளுக்கான) கெர்னல் (22.04-இல் 5.15-இலிருந்து 6.8 வரை போனது), டெபியனில் பேக்போர்ட்ஸ் கெர்னல்.

மூலநிரலிலிருந்து தொகுப்பது கடைசி. அடுத்த ஓட்டை வரும்போது பேட்ச் போட வேண்டியவர் நீங்கள்தான்.

வெளிக் களஞ்சியங்கள் மூன்று, நான்கு என்று சேர்ந்துவிட்டால் அடுத்த எல்டிஎஸ்ஸுக்கே போய்விடலாம். டெபியன் 13-இல் பைத்தான் 3.13, பிஎச்பி 8.4, போஸ்ட்கிரெஸ் 17 எல்லாம் வழக்கமான களஞ்சியத்திலேயே இருக்கின்றன. உபுண்டுவில் ஒரு எல்டிஎஸ்ஸிலிருந்து அடுத்ததற்கான அறிவிப்பு, அதன் .1 பதிப்பு வந்த பிறகே தோன்றும். அதுவரை வரவில்லையே என்று தேட வேண்டாம்.