ஹைபிரிட் சைக்கிள் வாங்கி மலைக்குக் கொண்டுவருபவர்கள் கவனத்துக்கு

குன்னூர், ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் வேலைக்குப் போய்வர ஹைபிரிட் சைக்கிள் (சாலை சைக்கிளும் மலை சைக்கிளும் கலந்த வகை) வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நான் கோவையில் ஒரு பெரிய கடையில் வாங்கினேன். புகார் இன்னும் முடியாததால் கடையின் பெயரைப் போடவில்லை.

என் வீடு குன்னூரில், சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில். வேலை கீழே பஸ் ஸ்டாண்ட் பக்கம். காலையில் இறக்கம், சாயங்காலம் ஏற்றம். இதைக் கடையில் தெளிவாகச் சொன்னேன். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 34 பல் இருக்க வேண்டும் என்றும் கேட்டேன். "34தாங்க சார். 21 கியர், ஊட்டியே ஏறும்" என்றார் விற்பனையாளர். பில்லில் சைக்கிள் பெயரும் விலையும் இருந்தன, 'செட்டிங்' என்று, அதாவது சைக்கிளைப் பூட்டி கியர், பிரேக் சரிசெய்து தருவதற்கு, தனியாக 600 ரூபாயும் இருந்தது. பல் கணக்கு மட்டும் இல்லை.

வீட்டில் எண்ணினால் 28தான். முன்னால் இருக்கும் சின்ன பல்சக்கரமும் 28. அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று, சுமார் 2.2 மீட்டர் போகும். பின்னால் 34 இருந்தால் அதே சுற்றுக்கு 1.8 மீட்டர்தான் போகும், அந்த அளவுக்கு மிதிப்பது லேசாக இருக்கும். சமவெளியில் இந்த வித்தியாசத்தை யாரும் கவனிக்கமாட்டார்கள். பெட்ஃபோர்டு ஏற்றத்தில் முதுகில் பையோடு மிதிக்கும்போது முழங்கால் சொல்லிவிடும். முன்னால் மூன்று, பின்னால் ஏழு, பெருக்கினால் 21. அந்த எண்ணை வைத்து விற்பவரை நம்பாதீர்கள். இருப்பதிலேயே லேசான கியர் எது என்று மட்டும் கேளுங்கள்.

கியரில் ஏமாற்றினால் கால்தான் வலிக்கும். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது செட்டிங்கைப் பார்த்துத்தான். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பின் டெரைலரில் இரண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும். செயின் எல்லை தாண்டிப் போகாமல் அவைதான் தடுத்து நிறுத்தும். அதைக் கடையில் யாருமே தொடவில்லை. ஏற்றத்தில் கடைசி கியருக்கு மாற்றியதும் செயின் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்ஸுக்குள் விழுந்து, பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. சாலையோரம் சாய்ந்து விழுந்தேன். நல்லவேளை, பின்னால் பஸ் வரவில்லை.

பிரேக் இன்னும் மோசம். செயின் பளபளப்பாகத் தெரிய ஆயில் ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள், அது பின்சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கிலும் பட்டிருக்கிறது. ஆயில் குடித்த பிரேக் பேட் பிடிக்காது, கத்த மட்டும் செய்யும். முன் பிரேக்கில் கேபிளைப் பிடிக்கும் போல்ட் சரியாக இறுக்கப்படவில்லை. இறக்கத்தில் இரண்டு மூன்று முறை அழுத்தியதும் கேபிள் நழுவி, லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டது. காலை ஊன்றி, மேட்டுப் பக்கம் ஏற்றித்தான் நிறுத்தினேன். கோவையில் கடை வாசலில் ஓட்டிப் பார்த்தபோது இவை எதுவும் தெரியவில்லை. சமதளத்தில் தெரியவும் தெரியாது.

கடைக்குப் போன் செய்தேன். "மலையில ஓட்டினா பிரேக் தேயத்தான் செய்யுங்க" என்றார்கள். பேடுக்கு வாரண்டி கிடையாதாம். முதல் சர்வீஸ் இலவசமாம், ஆனால் சைக்கிளை நானே கோவைக்கு இறக்கிக் கொண்டுவர வேண்டுமாம். பிரேக் இல்லாத சைக்கிளை!

இங்கே உள்ளூர் மெக்கானிக் தம்பி ஒருவர்தான் சரிசெய்தார். பேடை மாற்றி, டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்து, ஸ்க்ரூவையும் சரிபார்த்தார். 14-34 ஃப்ரீவீல் (பின்பக்கப் பல்சக்கரங்களின் தொகுதி, சின்னதில் 14 பல், பெரியதில் 34) வரவழைத்துப் போட்டார், அதற்கேற்ப செயினையும் நீளமானதாக மாற்றினார். இடது பெடல் மரை எதிர்த் திசையில் இருக்கும், கடையில் அதைக் கோணலாக ஏற்றியிருக்கிறார்கள் என்று காட்டியதும் அவர்தான். பெடலை, அதைத் தாங்கும் கையான கிராங்கோடு மாற்ற வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அதற்குப் பிறகு கடையே கூப்பிட்டு, செட்டிங் பணத்தை மட்டும் திருப்பித் தருவதாகச் சொன்னது. ஒத்துக்கொள்ளவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

நீங்கள் வாங்கும்போது பின்பக்கப் பல் எண்ணிக்கையைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வேறு கடை பாருங்கள். கிளம்பும் முன், பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லா கியரையும் மாற்றிப் பாருங்கள். அப்புறம் இரண்டு பிரேக்கையும் முழு பலத்தோடு பலமுறை அழுத்துங்கள், லீவர் ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது. ஊருக்கு வந்ததும் முதல் இறக்கத்துக்கு முன்னால், இங்குள்ள மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். இதேபோல் கோவையில் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் பில்லை எடுத்து வையுங்கள்.