கொப்பியா, எக்செலா, செயலியா: வீட்டு வேலையில் கூலிக் கணக்கு

வீடு கட்டிக் கொடுக்கும் ஒப்பந்தக்காரருக்குச் சீமெந்துக்கும் கம்பிக்கும் பில் வரும். கூலிக்கு வராது. ஒரே மேசன் காலையில் பரந்தனில் கல்லுக்கட்டு, பின்னேரம் கிளிநொச்சி நகரில் பூச்சு என்று நிற்பார். அவருடைய அன்றைய சம்பளத்தை எந்த வீட்டில், எந்த வேலையில் போடுவது?

கொப்பியில் எழுத எல்லாருக்கும் வரும், சார்ஜும் தேவையில்லை. ஆனால் வரவு மட்டும் போடுகிற கொப்பியால் பிரயோசனம் குறைவு. யார் வந்தார் என்று தெரியும், என்ன செய்தார் என்று தெரியாது. பெயர், வீடு, வேலை, மணித்தியாலம் என்று நான்கு நிரல் கீறவேண்டும். அப்படிக் கீறினாலும், பூச்சுக்கு மட்டும் எவ்வளவு போனது என்று அறிய எல்லாப் பக்கத்தையும் திரும்பக் கூட்டவேண்டும். ஒரு வீட்டில் பூச்சு நட்டத்தில் போனது, சாவி கொடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எக்செல் கெட்டி அந்த இடத்தில்தான். அதே நான்கு நிரலை அடித்து ஒரு பிவட் டேபிள் (எழுதியதை வகைவாரியாகத் தானே கூட்டிக் காட்டும் அட்டவணை) போட்டால் வீடுவாரியாகவும் வேலைவாரியாகவும் உடனே வந்துவிடும். இன்னொன்று, கையில் கொடுக்கும் சம்பளம் முழுச் செலவு அல்ல. முதலாளி பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12%, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3% கட்டவேண்டும். நாட்சம்பளம் 4,000 ரூபாய் என்றால் செலவு 4,600. தொழிலாளியின் 8% அவருடைய சம்பளத்திலேயே கழிகிறது, அதைத் திரும்பச் சேர்க்கக்கூடாது. எக்செலில் ஒரு நிரல் இதைப் பார்த்துக்கொள்ளும். கொப்பிக்காரர் பலர் இந்த 600 ரூபாயை விட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு விலை சொல்கிறார்கள்.

குவிக்புக்ஸ் டைம் போன்ற செயலியில் ஆட்களே போனில் வேலையைத் தெரிவுசெய்து நேரம் பதியலாம், நிற்கும் இடமும் பதியும். மாதச் சந்தா ஆட்களின் தொகையோடு ஏறும். ஒன்றிரண்டு தளத்தில் பத்துப் பேர் என்றால் வேண்டாம். மாங்குளம், பூநகரி, முள்ளியவளை என்று தளங்கள் பிரிந்து, மேற்பார்வைக்கு ஒருவரே ஓடித் திரிந்தால் யோசிக்கலாம்.

நான் வைத்திருப்பது தளத்தில் கொப்பி, இரவில் எக்செல். வேலை விட்டுப் போகமுன் மேசனே எழுதவேண்டும். சனிக்கிழமை சம்பள நேரத்தில் நினைவிலிருந்து எழுதினால் பாதி பிழையாகத்தான் இருக்கும். வேலைப் பட்டியலும் நீளக்கூடாது: அத்திவாரம், கல்லுக்கட்டு, கொங்கிறீட், கூரை, பூச்சு, நிலம். கூடவே ‘மழை’ என்று ஒன்று கட்டாயம் வேண்டும். மாரியில் ஆட்கள் வந்து சும்மா இருந்த மணித்தியாலங்களையும் பூச்சில் ஏற்றினால், அடுத்த வீட்டுக்குச் சொல்லும் பூச்சு விலை பிழையாகத்தான் வரும்.