ஏர் பிஸ்டல்: புள்ளி போவது கைப்பிடியில்

10 மீட்டர் போட்டிக்கான 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல் வாங்கியவர்கள் புள்ளி ஏறவில்லை என்றால் முதலில் பெல்லட்டை (ஈயக் குண்டை) மாற்றுகிறார்கள், பிறகு பிஸ்டலையே மாற்றப் பார்க்கிறார்கள். கைப்பிடியை யாரும் தொடுவதில்லை. புள்ளி போவது பெரும்பாலும் அங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 32 செ.மீ. முன் சைட் 1 மி.மீ. விலகினால் இலக்கில் 31 மி.மீ. தள்ளி அடிக்கும், பத்து ஏழாகிவிடும். சைட்கள் நேராக இருந்து, கை மொத்தமாக 5 மி.மீ. ஆடினால் குண்டும் 5 மி.மீ.தான் தள்ளும். அது இன்னமும் பத்துதான். ஆகவே கை ஆடுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கண் முன் சைட்டில் நிற்கட்டும், கறுப்பு வட்டம் மங்கலாகவே தெரியட்டும்.

கைப்பிடி பொருந்துகிறதா என்று பார்க்க: கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தி, நிலைத்ததும் திறங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் இருக்க வேண்டும். பத்துத் தடவையும் ஒரே பக்கம் ஒதுங்கினால் கைப்பிடித் திருகைத் தளர்த்திக் கோணத்தைச் சரிசெய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் உள்ளங்கைக்கும் மரத்துக்கும் இடையே வெற்றிடம் தெரியும் இடத்தில் மரவேலைப் புட்டியை மெல்லிதாகப் பூசி, காய்ந்ததும் 120ஆம் எண் உப்புத்தாளால் தேயுங்கள். அழுத்தும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். அதிகம் தேய்த்துவிட்டால் மறுபடி புட்டிதான். சென்னை வெயிலில் கை வேர்த்து வழுக்கும். அதற்காக இறுக்கிப் பிடித்தால் ட்ரிக்கர் விரலும் சேர்ந்து இறுகும். துண்டால் துடைத்துவிட்டுத் தொடர்வதே நல்லது.

ட்ரிக்கர் எடை, அதாவது அதை இழுக்கத் தேவையான விசை, விதிப்படி குறைந்தது 500 கிராம். சரியாக 500இல் வைத்தால் சோதனையில் தோற்க வாய்ப்புண்டு. 510, 520 என்று வையுங்கள். கையை உயர்த்தி எட்டுப் பத்து விநாடிக்குள் சுடவில்லையா, இறக்கிவிடுங்கள். அதற்குமேல் இழுத்துச் சுடுவது பெரும்பாலும் எட்டுதான். வெள்ளைச் சுவரைப் பார்த்துத் தினமும் இருபது நிமிடம் ட்ரை ஃபயர் (பெல்லட் இல்லாமல் ட்ரிக்கரை மட்டும் இழுப்பது) செய்வது, பெல்லட் செலவழித்துச் செய்யும் பயிற்சியைவிடப் பலன் தருகிறது.

பெல்லட் தட்டைத் தலை கொண்டது, அடிப்பாவாடை மெல்லிய ஈயம். டப்பாவைக் குலுக்கிக் கொட்டினால் ஓரம் நசுங்கும்; நசுங்கியது காற்றைச் சமமாகப் பிடிக்காது. ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தைப் பாருங்கள். தலை விட்டம் 4.48, 4.49, 4.50 மி.மீ. என்ற அளவுகளில் எது ஒத்துவரும் என்பதைப் பிஸ்டலை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவியில்) பூட்டிப் பத்துப் பத்தாகச் சுட்டால்தான் தெரியும், கையில் பிடித்துச் சுட்டால் தெரியாது. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் தின்னக் கூடாது.

பிஸ்டலின் காற்றுச் சிலிண்டரில் பொதுவாக 200 பார் அழுத்தம். மெதுவாக நிரப்புங்கள், வேகமாக நிரப்பினால் சூடாகி, ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும். காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான். சாதாரண எஞ்சின் எண்ணெய் உயரழுத்தக் காற்றில் தீப்பிடிக்கக்கூடும். காற்று கசிந்தால் சிலிண்டரைக் கழற்றி ஒரு இரவு தனியே வைத்துப் பாருங்கள். அழுத்தம் அப்படியே நின்றால் கசிவு பிஸ்டல் பக்கத்து வாஷரில். இறங்கியிருந்தால் சிலிண்டர் வால்வில். பழைய பிஸ்டல் வாங்கும்போது சிலிண்டரில் பொறித்த தேதியை முதலில் படியுங்கள். பல தயாரிப்பாளர்கள் 10 ஆண்டுக்கு மேல் பயன்படுத்த அனுமதிப்பதில்லை, புதிய சிலிண்டர் விலையும் லேசானதல்ல.