மொட்டை மாடியில் ஹைட்ரோபோனிக்ஸ்: சில கோடைகளைத் தாண்டிய அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹைட்ரோபோனிக்ஸ் என்றால் மண் இல்லாமல், உரம் கரைத்த நீரில் செடி வளர்ப்பது. சென்னை வெயிலில், அதற்காக வீட்டிலேயே செய்த பிவிசி பைப் அமைப்பில் நம் ஊர்க் கீரைகள் அருமையாக வருகின்றன. லெட்டூஸ் மார்கழி, தைக்கு மட்டும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் பைப் சரிப்படாது, பக்கெட் வேண்டும். வெண்டை, கத்தரி, முள்ளங்கி எல்லாம் மண் பையிலேயே இருக்கட்டும். எந்த உரம், எந்த விதை என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது தண்ணீர்: அதன் உப்பும் அதன் சூடும்.

அமைப்பு எளிமையானது. பத்தடி நீளத்தில் ஆறு நான்கு அங்குல பைப்கள், எட்டு அங்குலத்துக்கு ஒரு துளை, துளைக்கு ஒரு நெட் கப் (வேர் வெளியே வர இடைவெளிகள் உள்ள சின்னக் கப்). இரும்பு ஆங்கிளில் ஸ்டாண்டு. 100 லிட்டர் கறுப்பு டிரம், அதற்குள் 18 வாட் கூலர் மோட்டார். இந்த வகை அமைப்புகளில் அதிகம் பேசப்படுவது என்எஃப்டி (நியூட்ரியன்ட் ஃபிலிம் டெக்னிக்). பைப்பைச் சாய்த்து வைத்து, அடியில் மெல்லிய படலமாக நீரை ஓடவிடுவார்கள். இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் 1960-களில் உருவாக்கிய முறை அது, அங்கத்திய கண்ணாடிக் குடில்களுக்குப் பொருத்தம். இங்கே மே மாத மதியத்தில் கரண்ட் போனால் வேர் சீக்கிரமே காயத் தொடங்கிவிடும். அதனால் பைப்களை ரசமட்டம் பார்த்துச் சமமாக வைத்து, நீர் வெளியேறும் குழாயைப் பாதி உயரத்தில் பொருத்தினேன். மோட்டார் நின்றாலும் ஒவ்வொரு பைப்பிலும் 12, 13 லிட்டர் தண்ணீர் நிற்கும். புயலில் நாள் முழுக்க மின்சாரம் இல்லாதபோதும் செடிகள் தலை சாயவில்லை. எடை மட்டும் கூடும். ஸ்டாண்டின் கால்கள் பீம் போகும் இடத்தில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உப்பு. எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்ற அளவு, 1100. கீரைக்கு நான் வைக்கும் உரக் கரைசலின் மொத்த அளவே 700 முதல் 900 வரைதான். ஒரு சிட்டிகை உரம் போடுவதற்கு முன்பே தண்ணீர் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. இன்னொரு சிக்கல், டிடிஎஸ் மீட்டருக்கு உப்பும் ஒன்றுதான், உரமும் ஒன்றுதான். செடி நீரையும் சத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தையும் குளோரைடையும் டிரம்மிலேயே விட்டுவைக்கும். குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்தால் மீட்டர் ‘போதும்’ என்று காட்டும், செடியோ பட்டினி கிடக்கும். கரைசலை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுவதற்குக் காரணம் இதுதான். பழைய கரைசல் வாழைக்குப் போகிறது.

ஆர்ஓ நீரைக் கலந்து ஓட்டலாம். ஆனால் வீட்டு ஆர்ஓ தரும் நீரைவிட வெளியே தள்ளும் நீர் அதிகம். எனக்கு மனம் ஒப்பவில்லை. மழைநீர் சேகரிப்பை 2003-இல் தமிழ்நாடு கட்டாயமாக்கியதிலிருந்து மாடியிலிருந்து இறங்கும் மழைக்குழாய் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. அதில் ஒரு கிளை எடுத்து மூடிய டிரம்களில் பிடித்துவைக்கிறேன். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தால் டிடிஎஸ் 30-ஐத் தாண்டுவதில்லை. டிரம் வாயில் பழைய வேட்டியை இரண்டு மடிப்பாகக் கட்டி வையுங்கள், நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். ஐப்பசி, கார்த்திகையில் பிடித்தது மாசி வரை வருகிறது. அதன் பிறகுதான் ஆர்ஓ நீரும் போர் தண்ணீரும் கலந்த கலவை.

சூடு இதைவிடப் பெரிய எதிரி. 20 டிகிரியில் உள்ள நீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏற ஏற வேருக்கு ஆக்சிஜன் தேவையும் கூடும், ஆக இரண்டு பக்கமும் இடி. கத்திரி வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்கு டிரம் நீர் 36 டிகிரி காட்டியது. வெள்ளை வேர்கள் பழுப்பாகி, வழவழப்பாகி, ஒரு வாடை வந்தது. தண்ணீரிலேயே நிற்கும் செடி மதியத்தில் வாடினால் பித்தியம் என்ற நுண்ணுயிரால் வரும் வேரழுகல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். டிரம்மை மாடிப்படிக்கு அடியில் நகர்த்தி, ஈரச் சாக்கு சுற்றி, பைப்களுக்கு முதலில் கறுப்பும் அதன் மேல் வெள்ளையும் அடித்த பிறகு 31, 32-இல் நிற்கிறது. கறுப்பு வெளிச்சத்தைத் தடுத்துப் பாசியை நிறுத்துகிறது, வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. பங்குனி முதல் ஆவணி வரை மேலே 50 சதவீத நிழல்வலை. கோடையில் இரவு முழுவதும் மோட்டாரை ஓடவிடுகிறேன், இரவுக் காற்றில் பைப் வழியே சுற்றும் நீர் நன்றாக ஆறுகிறது.

பிஎச், அதாவது கரைசலின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு பற்றியும் சொல்ல வேண்டும். 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டியது, நம் போர் தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டால் இரண்டே நாளில் ஏழரைக்கு ஏறிவிடும். அந்த நிலையில் கரைசலில் இரும்பு இருந்தும் செடிக்கு எட்டாது. துளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறைதான். உடனே இன்னும் உரம் போடத் தோன்றும், போடாதீர்கள், பிஎச்சைப் பாருங்கள். எலுமிச்சைச் சாறு ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும், நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும். பாஸ்பாரிக் அமிலம் நிலைத்து நிற்கும். கையுறை போட்டுக்கொண்டு, அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் அல்ல. மழைநீர் பயன்படுத்தும் மாதங்களில் இந்த வேலையே பாதியாகக் குறைந்துவிடுகிறது.

உரம்: கால்சியம் நைட்ரேட் ஒரு கேனில். பொட்டாசியம் நைட்ரேட், 0:52:34 (மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்), மெக்னீசியம் சல்பேட், நுண்ணூட்டம் எல்லாம் இன்னொரு கேனில். கெட்டியான நிலையில் இரண்டையும் கலந்தால் கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சமாக அடியில் வெள்ளையாகப் படியும். டிரம்மில் நீர் நிரம்பிய பிறகு ஒன்றை ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டு அடுத்ததை ஊற்றுங்கள். உரக்கடையில் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 போதும் என்பார்கள். அதில் தழைச்சத்தின் பெரும்பகுதி யூரியாவாக இருக்கிறது. யூரியாவைச் செடிக்கு ஏற்றபடி மாற்றித்தர மண்ணில் நுண்ணுயிர்கள் உண்டு, பைப்பில் அந்த அளவுக்கு இல்லை.

மண்ணில்லா விவசாயம் இந்தியாவுக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்ல ஆசை. 1940-களின் பிற்பகுதியிலேயே ஷோல்டோ டக்ளஸ் என்பவர் மேற்கு வங்க மலையூரான காளிம்போங் பக்கம் சரளையும் மணலும் கொண்டு, ஏழைகளும் செய்யக்கூடிய எளிய முறை ஒன்றை உருவாக்க உழைத்தார். இன்று லட்சக்கணக்கில் விலை சொல்லும் ரெடிமேட் அமைப்புகளைப் பார்க்கும்போது அவர் நினைவு வருகிறது.

எது நன்றாக வந்தது? சிறுகீரையும் முளைக்கீரையும் விதைத்து ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். பாலக்கை வெளி இலைகளாகக் கிள்ளிக்கொண்டே இருக்கலாம். கொடிப்பசலையும் வள்ளைக் கீரையும் மே மாத வெயிலிலும் அசரவில்லை, கோடைக்கு இந்த இரண்டையும்தான் நம்புகிறேன். பொன்னாங்கண்ணி தண்டை ஒடித்துச் செருகினால் போதும். புதினாவும் அப்படியே. ஆனால் புதினா வேர் பைப்பையே அடைத்துவிடும், அதைக் கடைசித் துளைகளில் மட்டும் வையுங்கள். மண்ணில் வளர்ந்ததைவிட இலை மென்மையாக, நீர்ச்சத்தோடு இருக்கும். வதக்கினால் அதிகம் சுருங்கும். மசியலுக்கு இதுதான் நல்லது என்பது எங்கள் அத்தையின் தீர்ப்பு, பொரியலுக்கு அவர் இன்னும் சந்தைக் கீரைதான் கேட்கிறார்.

லெட்டூஸ் இலை நுனி கோடையில் கருகுவது கால்சியம் இல்லாததால் அல்ல. கால்சியம் இளம் இலைக்குப் போய்ச் சேராததால். உரத்தால் அதைத் தீர்க்க முடியாது. தக்காளியும் இரவுச் சூடு குறையும் மாதங்களில்தான் ஒழுங்காகக் காய் பிடிக்கிறது, மே மாதத்தில் பூவெல்லாம் உதிர்ந்துவிடும். பக்கெட்டில் போடும் தேங்காய் நார்த்தூளைப் பலமுறை அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்த பிறகே பயன்படுத்துங்கள். அதிலும் உப்பு இருக்கிறது.

மண்ணில்லை என்றால் பூச்சியில்லை என்பது வெறும் பேச்சு. அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி மூன்றும் வந்தன. மஞ்சள் ஒட்டும் அட்டையும், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் போதுமானவை. அந்த எண்ணெய், பைப்பில் உள்ள உரக் கரைசலில் சொட்டாமல் அடியுங்கள்.

செலவு: பைப், ஸ்டாண்டு, மோட்டார், மீட்டர்கள் எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரம் ரூபாயை ஒட்டி ஆனது. மோட்டார் இடைவிடாமல் ஓடினாலும் மாதம் 13 யூனிட்தான். பைப் இணைப்புகளில் கசிவும், மோட்டாருக்குள் உப்புப் படிவதும் வழக்கமான தொல்லைகள். வினிகரில் ஊறவைத்தால் உப்பு கரைந்துவிடும். காய்கறிச் செலவை மிச்சம் பிடிக்க மட்டும் என்றால் இதில் இறங்க வேண்டாம். குனிந்து களை எடுக்க முடியாதவர்களுக்கும், பறித்த பத்தாவது நிமிடத்தில் கீரை அடுப்பில் இருக்க வேண்டும் என்பவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன்.

முதலில் ஒரு தெர்மாகோல் பெட்டியில் தொடங்குங்கள். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்டு க்ராட்கி பரவலாக்கிய முறை, மோட்டாரே வேண்டாம். பெட்டிக்குள் கறுப்புத் தாள் விரித்து, கரைசல் நிரப்பி, மூடியில் துளையிட்டு, நெட் கப்பின் அடிப்பாகம் மட்டும் நனையும்படி முளைக்கீரை வையுங்கள். நீர் இறங்க இறங்க மேல் வேர்கள் காற்றில் தொங்கும். அவைதான் செடிக்கு மூச்சு. மறுபடி நிரப்ப நேர்ந்தால் பாதி வரை மட்டும் நிரப்புங்கள், மேல் வேர்கள் மூழ்கக் கூடாது.