எச்சரிக்கை: கடலோர வீடுகளின் எவர்சில்வர் கைப்பிடிக்கு ஆசிட் பாலிஷ் போட யாரையும் அனுமதிக்காதீர்கள்

கடந்த வாரம் எங்கள் தெருவின் கடைசி வீட்டு வாசலில் ஒருவர், பெயர்ச்சீட்டு இல்லாத பிளாஸ்டிக் புட்டியும் ஒரு கட்டு இரும்பு நாருமாக, அந்த வீட்டின் எஸ்.எஸ். (எவர்சில்வர்) கேட்டைத் தேய்ப்பதற்கு ஆயத்தமாக உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டுக் கைப்பிடியைக் கெடுத்துவிட்டுப் போனவர் அவர்தான். அந்த வீட்டு அக்காவைத் தனியே அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் உடனே வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆனால் அடுத்த தெருவில் இரண்டு வீடுகளில் வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிகளில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நாங்கள் இரண்டு முறை ஏமாந்தோம். முதல் முறை பொருளில், இரண்டாம் முறை அதைச் சுத்தம் செய்த முறையில்.

எங்கள் வீடு பாம்பனில் தெற்குக் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பழைய இரும்புக் கைப்பிடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பெயின்ட் அடித்தும் அது செதில் செதிலாக உதிர்ந்ததால், 2023 மே மாதத்தில் மாடிப்படிக்கும் பால்கனிக்குமாக 42 அடிக்கு எஸ்.எஸ். கைப்பிடி போடத் தீர்மானித்து, அடிக்கு 950 ரூபாய் வீதம் 39,900 ரூபாய் கொடுத்தோம். நிக்கல் சேர்ந்த நல்ல எவர்சில்வர் வகையான 304 தரம் என்றுதான் பேச்சு. வேலைக்கு வந்த பட்டறைக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்துக் குழாயில் வைத்துக் காட்டினார். காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது. "பாருங்கள் ஐயா, காந்தம் ஒட்டவில்லை, அசல் 304; ரயில் பாலத்துக்கே இதைத்தான் போடுகிறார்கள்" என்று என் தந்தையிடம் சொன்னார். அப்போது புதிய பாம்பன் பாலத்தின் வேலை எங்கள் கண் முன்னால் நடந்துகொண்டிருந்ததால் அந்தச் சொல்லை நம்பினோம். ரசீதில் 'எஸ்.எஸ். ரெயிலிங்' என்று மட்டுமே எழுதியிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

அந்தக் காந்தச் சோதனையால் எதையும் நிரூபிக்க முடியாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 304 தரத்தில் காந்தம் ஒட்டாது என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யப்படும் 202 போன்ற மலிவான வகைகளிலும் அது ஒட்டாது. வளைத்த, இழுத்த இடங்களில் நல்ல 304 குழாயே காந்தத்தை இலேசாகப் பிடிப்பதும் உண்டு. ஆகவே காந்தம் வைத்துக் காட்டி விற்கிறவரிடம் வேறு சான்று கேளுங்கள்.

அந்த ஆண்டு சோழகக் காற்று (தென்காற்று) ஓய்ந்து வாடை தொடங்கும்போதே குழாய்களில் தேநீர் சிந்திக் காய்ந்ததுபோல் பழுப்புக் கறை படர்ந்துவிட்டது. எனக்கு வியப்பளித்தது கறை இருந்த இடம். மழை நேராக விழும் மேல்பக்கம் ஓரளவு பளபளப்பாகவே இருந்தது; கையை அடியில் கொடுத்துத் தடவினால்தான் மணல் தாளைத் தொடுவதுபோல் சொரசொரப்பு தெரிந்தது. மேலே படிந்த உப்பை மழை கழுவிக்கொண்டு போய்விடுகிறது. அடியில் படிந்த உப்போ அங்கேயே தங்கி, இரவில் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்து, பகலில் காய்ந்து, மறுநாள் மீண்டும் கசிகிறது. பற்றவைத்த மூட்டுகளைச் சுற்றிக் கறை இன்னும் அடர்த்தியாக இருந்தது. பட்டறைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தபோது, "கடல் பக்கம் என்றால் அப்படித்தான் இருக்கும், பாலிஷ் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

2024 ஜனவரியில், பாலிஷ் போடுகிறவர் என்று சொல்லிக்கொண்டு அந்த மனிதர் வீடு தேடி வந்தார். பட்டறைக்காரர்தான் அனுப்பினாரா என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை. 6,500 ரூபாய் பேசினார். நான் வெளியூர் போயிருந்தேன். வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். "தம்பி, அது என்ன மருந்து?" என்று அப்பா கேட்டதற்குக் கம்பெனி கெமிக்கல் என்று பதில் வந்ததாம். புட்டியிலிருந்து ஊற்றியதும் வெள்ளைப் புகை எழுந்து கண் எரிந்திருக்கிறது. அம்மா இருமிக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாயிலிருந்து சொட்டிய துளிகள் விழுந்த இடமெல்லாம் சிமென்ட் தரை நுரைத்துப் பொங்கியது. அதன்பின் இரும்பு நாரால் அழுத்தித் தேய்த்து, பம்பிலிருந்து வந்த போர் தண்ணீரால் அலசி, மேலே வார்னிஷ் போன்ற ஒன்றைப் பூசிவிட்டுப் போனார். மாலையில் நான் வந்து பார்த்தபோது கைப்பிடி கண்ணாடிபோல் மின்னியது என்பதை மறைக்கவில்லை. நானே மகிழ்ந்து மீதிப் பணத்தையும் அனுப்பிவைத்தேன்.

பதினோராம் நாள் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றின. முதலில் வந்த பழுப்பு மேலாக இருந்த கறை, இது அப்படியில்லை. துணியால் துடைத்தால் புள்ளி போய்விடும், ஆனால் இருந்த இடத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு குழி தெரியும். நகத்தால் வருடினால் நகம் அதில் சிக்கும். ஒரு மாதத்துக்குள் வார்னிஷ் தோல் உரிவதுபோல் உரிந்தது. உரிந்த இடத்தின் அடியில் ஈரம் தேங்கிக் கறுத்திருந்தது. அப்பாவின் வேட்டித் துணியால் துடைத்தால் நூல் பிய்ந்து குழிகளில் மாட்டிக்கொண்டு நிற்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இந்த எஃகில் உள்ள குரோமியம், காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மிக மெல்லிய படலமாக மேலே நிற்கிறது. துருவைத் தடுப்பது அந்தப் படலம்தான். கீறினாலும் அது தானாக மீண்டும் உருவாகிவிடும். ஆனால் உப்பிலுள்ள குளோரைடு அதை அங்கங்கே துளைத்து, மீண்டும் உருவாகவும் விடாமல் தடுத்து, சிறு சிறு குழிகளைத் தோண்டுகிறது. புகையையும் நுரையையும் பார்த்தால், பாலிஷ்காரர் ஊற்றியது டைல்ஸில் படிந்த சிமென்டைப் போக்க விற்கும் ஆசிட்டாகத்தான் இருக்க வேண்டும்; அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கடற்காற்று மாதக்கணக்கில் செய்கிற அதே கெடுதலை அது அரை மணி நேரத்தில் செய்துவிடும். அதற்கு மேல் இரும்பு நாரால் தேய்த்தபோது நாரிலிருந்து பிய்ந்த இரும்புத் துகள்கள் கீறல்களுக்குள் பதிந்து துருப்பிடிக்கத் தொடங்கின. அலசியது போர் தண்ணீர். எங்கள் ஊரில் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குளியலறைக்குப் பயன்படுத்தும் பிளீச்சிங் கலந்த திரவங்களும் இதே தீங்கைச் செய்யும். நம் வீடுகளில் உப்பை எவர்சில்வர் டப்பாவில் போடாமல் ஜாடியில் போட்டு வைத்தார்களே, அந்தப் பழக்கத்தை நினைத்துக்கொண்டால் இதெல்லாம் எளிதாகப் புரியும்.

வேலை நடந்தபோது மிஞ்சிய நான்கு அங்குலத் துண்டு ஒன்றை அம்மா எடுத்து வைத்திருந்தார். அதை மதுரைக்குக் கொண்டுபோய், உலோகத்தின் கலவையைக் காட்டும் கைக்கருவியில் வைத்துச் சோதித்தேன். 304 என்றால் குரோமியம் ஏறக்குறைய 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் இருக்க வேண்டும். எங்கள் துண்டில் குரோமியம் 15க்கும் கீழே, நிக்கல் ஒரு சதவீதம்கூட இல்லை, மாங்கனீசு மட்டும் 9க்கு மேல் இருந்தது. அடிக்கு 950 ரூபாய் கொடுத்து நாங்கள் வாங்கியது, கடற்கரைக்கு வரவே கூடாத பொருள்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அசல் 304 போட்டிருந்தாலும் தெற்குப் பார்த்த பால்கனியில் கறை வந்தே தீரும். ஆனால் மெல்ல வரும், கழுவினால் போகும். கடலை ஒட்டிய வீட்டுக்கு ஏற்றது 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 தரம், விலை அதிகம். குழாயின் மேல் தரமும் உருக்கு எண்ணும் (எந்த உருக்கில் செய்தது என்பதைக் காட்டும் எண்) அச்சிடப்பட்டிருக்கும். பஃபிங் செய்தால் (சக்கரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கினால்) அது அழிந்துபோகும் என்பதால் குழாய் லாரியிலிருந்து இறங்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆலைச் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். அதிலுள்ள எண்ணும் குழாயில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ரசீதில் தர எண்ணை எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில்கூடத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளோடு, அரிப்பைத் தடுக்கும் பாலிசிலோக்சேன் பூச்சும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

பற்றவைக்கும் வேலையையும் பக்கத்தில் நின்று பாருங்கள். வெல்டிங் சூட்டில் மூட்டைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாக ஒரு வளையம் விழும். அந்த இடத்தில் பாதுகாப்புப் படலம் கெட்டுப்போயிருக்கும். அதற்கென்று விற்கும் பிக்லிங் பசையைத் தடவி, நன்றாகக் கழுவி எடுக்க வேண்டும். அந்தப் பசையில் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோபுளோரிக் அமிலமும் இருப்பதால் பழகியவர் கையுறையும் கண்ணாடியும் அணிந்துதான் செய்ய வேண்டும், வீட்டில் யாரும் முயலக் கூடாது. எங்கள் வீட்டில் சக்கரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கியதோடு சரி. சாதா இரும்பைத் தேய்த்த அதே சக்கரத்தை இதற்கும் பயன்படுத்தினால் இரும்புத் தூள் பதிந்து பின்னால் துருவாக வெளிவரும்.

சுத்தம் செய்வதற்கு என் தந்தை சொன்ன ஒரே மருந்து நல்ல தண்ணி. அவர் நாற்பது ஆண்டு கடலுக்குப் போனவர். கரைக்கு வந்ததும் மீனை விற்கப் போவதற்கு முன் எஞ்சினை நல்ல தண்ணியில் அலசிவிடுவார். "உப்புக் காய விடாதே, காய்ந்தால் கடிக்கும்" என்பார். அதையே இப்போது கைப்பிடிக்கும் செய்கிறோம். காய்ந்த துணியால் முதலில் துடைக்கக் கூடாது. உப்போடு மணலும் ஒட்டியிருப்பதால் கீறல் விழும், கீறலில்தான் உப்பு அதிகம் தங்கும். முதலில் தண்ணீரை ஊற்றி மணல் இறங்க விட்டு, பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பைச் சில துளிகள் வாளித் தண்ணீரில் கலந்து, மெல்லிய துணியால், குழாயில் வரி ஓடும் திசையிலேயே துடைத்து, மீண்டும் அலசி, ஈரமில்லாமல் ஒற்றி எடுக்கிறோம். அடிப்பக்கமும், மூட்டும், தரையில் பதிந்திருக்கும் வளையமும்தான் முக்கியம். காற்றுக் காலத்தில் வாரம் ஒரு முறை, மற்றக் காலத்தில் இரு வாரத்துக்கு ஒரு முறை. குடிநீரைக் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் ஊரில் இது வீண் செலவாகத் தோன்றலாம். ஆகவே மொட்டை மாடியில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருக்கிறோம். ஒரு தடவைக்கு இரண்டு குடம் போதும்.

பழுப்புக் கறை பிடித்துவிட்டால், ஆக்ஸாலிக் அமிலத் தூளைச் சிறிது தண்ணீரில் குழைத்துத் தடவி, சில நிமிடங்களில் முழுவதுமாகக் கழுவிவிட்டால் கறை போகும். அது நஞ்சு, கையுறை வேண்டும், பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. குழி விழுந்த பிறகு அதனாலும் பயனில்லை. தேங்காய் எண்ணெய் தடவுவோரும் உண்டு. இரண்டு நாள் மின்னும், பிறகு மணலும் தூசியும் ஒட்டிக்கொண்டு முன்பைவிட மோசமாகத் தெரியும். நாங்கள் அதை விட்டுவிட்டோம்.

பணத்தைப் பற்றி: பட்டறைக்காரருக்குச் சோதனை முடிவை இணைத்துப் பதிவுத் தபாலில் எழுதினேன், ரசீதில் தரம் இல்லாததால் வழக்கு பலவீனம் என்று வழக்கறிஞர் சொன்னதால், பட்டறைக்காரர் தந்த 12,000 ரூபாயோடு முடித்துக்கொண்டேன். பாலிஷ்காரர் ரசீதே தரவில்லை. உங்களிடம் தர எண் எழுதிய ரசீது இருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம்.

அந்த 12,000 ரூபாயோடு கைப்பணமும் போட்டுத் தெற்குப் பக்கத்து 14 அடியை மட்டும் 316 குழாயாக மாற்றினோம். சான்றிதழ் பார்த்து, மூட்டுகளை முறையாகக் கழுவ வைத்து வாங்கினோம். அதற்குப் பிறகு ஒரு சோழகமும் ஒரு வாடையும் கடந்துவிட்டன. மாடிப்படியில் பழைய குழாய் புதிய குழாயோடு சேரும் இடத்தில் இரண்டின் மேலும் ஒரே துணியை ஓட்டினால், புதியதில் வழுக்கிக்கொண்டு போகிற துணி பழையதைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. வாங்குவதற்கு முன் நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் வந்து தொட்டுப் பார்க்கலாம். அப்பா வீட்டில்தான் இருப்பார்.