ஸ்கங்க் கேபேஜ்: கிழக்கா, மேற்கா?

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துக்காரரிடம் ஸ்கங்க் கேபேஜ் என்ற ஈரநிலச் செடியைச் சொன்னால், பூவைச் சுற்றித் தரையோடு ஒட்டி நிற்கும் கருஞ்சிவப்புப் புள்ளி மடல்தான் நினைவுக்கு வரும். மேற்குக் கரையின் சியாட்டில்காரருக்கோ பளிச்சென்ற மஞ்சள் மடல். முன்னது கிழக்குச் செடி, சிம்ப்ளோகார்பஸ் ஃபோட்டிடஸ்; பின்னது மேற்குச் செடி, லைசிகைட்டன் அமெரிக்கானஸ். இரண்டுமே சேற்றில் வளரும், நாறும். இரண்டையும் உண்ணத்தக்கவை என்று காட்டுணவுப் பிரியர்கள் சொல்வதுண்டு. அந்தச் சொல்லைத்தான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

நாற்றத்தில் கிழக்குச் செடியை மிஞ்ச முடியாது. இலையைக் கசக்கினால், நாற்றத் திரவம் பீச்சும் ஸ்கங்க் என்ற விலங்கு பீச்சியது போலவே அடிக்கும். பூவின் அழுகல் வாடைக்கு ஈக்கள் வரும். மேற்குச் செடியின் பூவாடையைத் தேடி வருவது ஒரு சின்ன வண்டு. கிழக்குச் செடிக்கு இன்னொரு வித்தையும் தெரியும்: பிப்ரவரி, மார்ச் குளிரில் பூந்தண்டு தானே சூடேறி, சுற்றுக் காற்றைவிட 15 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை கூடுதல் வெப்பத்தில் இருக்கும். பனியை உருக்கிக்கொண்டு மேலே வருவதைப் பார்க்கவே ஒரு நடை போகலாம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். இரண்டும் நம் சேம்பு, சேனையின் குடும்பம்தான். அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இவற்றிலும் உண்டு. ஆனால் சேனையைப் புளி விட்டு வேகவைத்து அடக்குகிற கதை இங்கே நடக்காது. கிழக்குச் செடியின் இலை, கிழங்கு இரண்டையும் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் காரல் போகாது. நன்றாக, நாள்கணக்கில் உலர்த்தினால்தான் ஓரளவு தணியும். அவசரப்பட்டவருக்கு வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும்.

மேற்குக் கரைப் பழங்குடிகள் தங்கள் செடியைப் பஞ்ச காலத்து உணவாகத்தான் வைத்திருந்தார்கள். சால்மன் மீன் வருவதற்கு முன் மக்களைக் காப்பாற்றியது இந்தச் செடிதான் என்று கொலம்பியா ஆற்றுக் கத்லமெட் மக்களிடம் ஒரு கதை உண்டு. குளிர்த்தூக்கம் கலைந்த கரடிகளும் இதைத் தோண்டித் தின்னும். ஆனால் அதன் நிஜப் பெருமை இலையில்: ஒரு மீட்டரைத் தாண்டும் நீளம், மெழுகுப் பளபளப்பு. பெர்ரி உலர்த்தும் தட்டிகளிலும் ஆவியில் வேகவைக்கும் குழிகளிலும் அதை விரித்தார்கள். நம் வாழையிலை வேலைதான்! என்னைக் கேட்டால், பார்க்கக் கிழக்குச் செடி, புழங்க மேற்குச் செடி. தட்டில் இரண்டுமே வேண்டாம்.

ஐரோப்பாவில் இருப்பவர்கள் மஞ்சள் அழகைக் கண்டு மயங்க வேண்டாம். ஆக்கிரமிப்புச் செடி என்று 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. விற்கவோ வளர்க்கவோ கூடாது.

அப்புறம், வட அமெரிக்காவில் அதே ஈரநிலத்தில் வெராட்ரம் என்ற விஷச்செடியும் முளைக்கும். இளந்தளிரில் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. மடிப்பு மடிப்பாக, நீள வாக்கில் இணை நரம்போடு இலை இருந்தால், கசக்கியும் ஸ்கங்க் வாடை வராவிட்டால், அது வெராட்ரமாக இருக்கலாம். தொட்ட கையைக் கழுவிவிடுங்கள்.